கைக்காசில் வாங்கிய நாற்காலி

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் என் வீட்டுக்காரரின் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். ஐந்தில் ஒன்றுகூட இன்றைக்கு வரை யார் வாசலிலும் போய்க் கை நீட்டி நின்றதில்லை. இதை முதலில் எழுது என்று பேத்தியிடம் சொன்னேன். எழுதிவிட்டாள். இனி மற்றதைச் சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எழுத்து எனக்கு அதிகம் வராது. இரண்டாம் வகுப்போடு நின்றவள். விலைச்சீட்டு வாசிப்பேன், பஸ்ஸில் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டுவேன், என் பெயரை வளைவு சுழிவு மாறாமல் எழுதுவேன். இதை வைத்துக்கொண்டுதான் தூத்துக்குடியிலேயே பெரிய கடையின் மேல்மாடியை நடத்தினேன். தெருவில் என்னைக் காட்டி, "ஜவுளிக்கடையில வேல பாத்த ஆச்சி" என்கிறார்கள். வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர். மாடியை நடத்தியவள் நான் ஒருத்தி. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இவளை நோட்டும் பேனாவுமாக உட்கார வைத்திருக்கிறேன்.

கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று தட்டுக் கட்டடம். கீழே பாத்திரமும் வேட்டி துண்டும். நடுவில் சட்டைத்துணி, பள்ளிக்கூடத் துணி, போர்வை. மேல்மாடிதான் பணக்கார மாடி. பட்டு, சென்ட்டு, கைக்கடிகாரம், கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளிச் சாமான் எல்லாம் அங்கே இருந்தன. புதுத் துறைமுகம் வந்த பிறகு கப்பல் அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்தப் படியில் ஏறுவார்கள். கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் வந்து, "முத்து இருக்கா?" என்று கேட்பது நிற்கவில்லை. முத்து இல்லை, முத்து நிறத்தில் பட்டு இருக்கிறது என்று சொல்லி, ஒரு சேலையைக் கட்டிக் கையில் கொடுத்து அனுப்புவேன். வெறுங்கையோடு யாரையும் நான் படி இறங்க விட்டதில்லை.

நான் அங்கே சேர்ந்தது சேலை மடிப்பதற்கு. கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்தால் மலைபோலப் பிரித்துப் போட்டுவிட்டு, இரண்டு சேலை எடுத்துக்கொண்டு போவார்கள். மீதியை மடித்து அடுக்குவது என் வேலை. மடிக்கும்போதே பார்த்துக்கொண்டிருந்தேன், யார் எதைத் தொட்டார்கள், எதைத் தொட்டுவிட்டு வைத்தார்கள் என்று. பிறகு விற்பனைக்கு நின்றேன். சாயர்புரம், நாசரேத் பக்கத்துக் கல்யாணம் என்றால் சந்தன நிறம், ஒல்லிக்கரை. கடற்கரைக் கோயில் கல்யாணம் என்றால் ஜரிகை கண்ணைப் பறிக்க வேண்டும். ஆற்றுப்பக்கத்து வயல்காரர்கள் அரக்குத் தவிர வேறொன்றைக் கையால் தொட மாட்டார்கள். அப்புறம் சரக்கு எடுக்கக் காஞ்சிபுரத்துக்கே முதலாளி என்னைக் கூட்டிப்போனார். என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போகிற தோணியில் வேலை, மாதக்கணக்கில் கடலில் இருப்பார். அதனால் எனக்குத் துணையாக மாமியார் வந்தார். நான் சரக்குப் பார்ப்பேன், அவர் பட்டு மூட்டையில் தலை வைத்துத் தூங்குவார். தெருவில் கண்டபடி பேசினார்கள். "பேசட்டும்ளா, அவளுக வாய்க்கு வேற என்ன வேல?" என்று மாமியாரே சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்?

எமர்ஜென்சி முடிந்த வருஷம், மாடிக்குப் பொறுப்பாக இருந்த அண்ணாச்சி மதுரையில் சொந்தக் கடை வைக்கப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பட்டு அலமாரிச் சாவியைக் கையில் கொடுத்தார். "இனி மாடி ஒன் பொறுப்பும்மா" என்றார். சந்தோஷமாக இருந்தால் எங்களை "ஏம்மா" என்பார். கோபம் வந்தால் "ஏளா" என்பார். அன்றைக்கு "ஏம்மா".

மறுநாள் காலையில் படியேறிப் போனேன். அண்ணாச்சியின் மேசை அங்கேயே இருந்தது. நாற்காலியைக் காணவில்லை.

கீழே இறங்கி வந்து கேட்டேன். "மொதலாளி, மாடியில நாற்காலியக் காணோமே?"

"குடோன்ல போட்டாச்சும்மா."

"ஏன், கால் ஒடஞ்சிட்டா?"

"ஒடையல. பொம்பள நாற்காலி போட்டு உக்காந்தா வாற யாவாரம் என்ன நெனைக்கும்? வந்தவுக கீழ மெத்தையில உக்காந்திருப்பாக. அதுல ஆம்பளைகளும் இருப்பாக. அவுகளுக்கு மேல நீ உக்காருவியா?"

"முந்தி இருந்த அண்ணாச்சி உக்காந்தாகளே."

"அது அண்ணாச்சி."

அதோடு அவர் பேச்சு முடிந்தது. என் பேச்சு முடியவில்லை.

அந்தக் காலத்து ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை நிற்க வேண்டும். வாடிக்கை இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். சுவரில் சாயக் கூடாது. வீட்டுக்குப் போனால் கால் தூண்போல வீங்கியிருக்கும். ஆனால் காலுக்காக மட்டும் நான் நாற்காலி கேட்கவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து பில்லில் கையெழுத்துப் போடுகிறவர்தான் மாடிப் பொறுப்பு என்று ஊருக்கே தெரியும். நான் குனிந்து நின்று கையெழுத்துப் போட்டால், யாருக்கோ பதிலாகப் போடுகிறாள், ஆள் வந்ததும் நகர்ந்துவிடுவாள் என்றுதான் நினைப்பார்கள். முதலாளியும் அதைத்தான் நினைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. சாவி கொடுத்தார், இடம் கொடுக்கவில்லை.

பழைய துறைமுகத்துப் பக்கம், கப்பலில் இருந்து கழித்த சாமான்களை விற்கிற பாய் கடை ஒன்று இருந்தது. வடம், பித்தளை விளக்கு, பீங்கான் தட்டு என்று குவிந்து கிடக்கும். அங்கே ஒரு தேக்கு நாற்காலி. கேப்டன் உட்கார்ந்ததாம். கைப்பிடி இரண்டும் வழவழவென்று இருந்தன.

"வீட்டுக்காரருக்காம்மா?" என்று கேட்டார் பாய்.

"எனக்கு."

"அப்பம் உக்காந்து பாத்துட்டே வாங்குங்க" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். வாங்கினேன். விலையைக் கேட்காதே, சொல்ல மாட்டேன்.

கைவண்டியில் ஏற்றி, கடைத்தெரு முழுக்க அதன் பின்னாலேயே நடந்து வந்தேன். பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். கடை வாசலில் வண்டி நின்றதும் கல்லாவில் இருந்த முதலாளி எட்டிப் பார்த்தார்.

"இது என்னதும்மா?"

"நாற்காலி மொதலாளி."

"யாருக்கு?"

"மாடிப் பொறுப்புக்கு."

"ஏம்மா", "ஏளா"வாக மாறியது. "ஏளா, இது கடையா, ஒன் வீடா?"

"வீட்டுல நான் தரையிலதான் உக்காருவேன் மொதலாளி. கடைங்கதுனாலதான் நாற்காலி."

வேட்டி எடுக்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வாடிக்கைக்கு முன்னால் அவரால் சத்தம் போட முடியவில்லை. என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஆவணி முடியட்டும். பொறவு அந்த நாற்காலி கீழ எறங்கணும். இல்லன்னா நீ எறங்கணும்."

ஆவணி முழுக்க முகூர்த்தம். நான் இல்லாமல் அந்த மாதம் மாடி ஓடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆவணி முடிந்தால் ஓடும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டில் ஐந்து பிள்ளைகள். வீட்டுக்காரர் கடலில். ஆனாலும் நாற்காலி மேலே ஏறியது.

மாடியில் என்னோடு நின்ற பெண்களில் ஒருத்திக்கு வாய் கொஞ்சம் நீளம். முதல் நாளே எனக்குக் கேட்கிற மாதிரி மற்றவளிடம் சொன்னாள், "அக்கா உக்காந்துட்டாக. இனி நாம நிக்கது அவுகளுக்கு எங்க தெரியப் போவுது?"

"தெரியுதுளா. நின்னப்பத் தெரியல, உக்காந்த பொறவுதான் நல்லாத் தெரியுது" என்றேன். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள். நான் சும்மா சொன்னதாக அவள் நினைத்திருப்பாள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கடைக்குள் பெண் உட்கார்ந்திருந்தால், அவள் சேலை எடுக்க வந்தவளாக இருப்பாள், இல்லையென்றால் முதலாளி வீட்டம்மாவாக இருப்பாள். மூன்றாவதாக ஒருத்தி உண்டு என்று யாரும் கண்டதில்லை. கொற்கைப் பக்கத்து வயல்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு வந்தார். படி ஏறி என்னைப் பார்த்ததும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

"மொதலாளியம்மாவே இருக்காக! கும்பிடுதேன் தாயி."

"நான் மொதலாளியம்மா இல்ல அண்ணாச்சி. மாடிக்குப் பொறுப்பு."

"மாடி மட்டுமா தாயி, மொத்தக் கடையும் ஒங்க பொறுப்புதான!" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டியிடம் திரும்பி, "பாத்தியா, எவ்வளவு அடக்கமாப் பேசுதாக" என்றார்.

நான் என்ன செய்ய? வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல என்னைப் பெரிய மனுஷி ஆக்கினார்கள். பின்னால் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார்கள். எனக்கு ஒருவிதத்தில் அது பிடிக்கவும் செய்தது. அதை மறைக்க மாட்டேன்.

பேச்சு முதலாளி வீடு வரைக்கும் போய்விட்டது. ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு அம்மாள் முதலாளியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரக ஒங்களக் கடையில பாத்தாகளாமே. சிரிச்ச மொகமாப் பேசினியளாம், வெலையும் கொறச்சியளாம்" என்று சொல்லியிருக்கிறாள். முதலாளியம்மா கடைப்பக்கம் வந்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது. இதை முதலாளியம்மாவே பின்னால் என்னிடம் சொன்னார்.

ஒரு மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. அப்போது நான் மெத்தையில் மண்டியிட்டு, சாயர்புரத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குச் சேலை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. முதலாளியம்மா முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறி வந்தார். கனத்த உடம்பு, இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி. நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதுதானா அது?"

உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

நான் என் வேலையை விடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா சாயர்புரத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், பொறுமையான மனுஷி. சந்தன நிறத்தில் பன்னிரண்டு சேலை பிரித்து, முதலில் காட்டியதையே எடுத்தார்கள். அது எப்போதும் நடப்பதுதான். விலைப்பேச்சு வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் டீச்சரம்மா, "நீ இரும்மா, மொதலாளியம்மாவே இருக்காங்க. அவங்ககிட்டக் கேட்டுக்கிடுதோம்" என்று சேலையை எடுத்துக்கொண்டு நாற்காலியிடம் போனார்கள். "பாத்துப் போடுங்கம்மா, ரெண்டு வீட்டுக்கும் இங்கதான் எடுக்கோம்."

முதலாளியம்மா சேலையை வாங்கி முந்தியைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஏளா, இது என்ன வெல?"

சொன்னேன்.

"எவ்வளவு கொறைக்கலாம்?"

"அத நாற்காலியில இருக்கவுகதாம்மா சொல்லணும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இப்போது நான் பேசாமல் நின்றால் அந்த நாற்காலி அவருடையது. நாளைக்கு அவர் வராவிட்டாலும், காலியாகக் கிடந்தாலும், அவருடையதுதான். ஆவணி முடியும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. பக்கத்தில் போய் நின்று சொன்னேன்.

"அம்மா, எந்திரிங்க. அது என் நாற்காலி."

"ஏளா!" என்று படியிலிருந்து சத்தம் வந்தது. கார் வந்தது தெரிந்து முதலாளி மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார். "யாரப் பாத்து என்ன சொல்லுத? கீழ எறங்கு மொதல்ல!"

முதலாளியம்மா அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார், பேசாதீர்கள் என்பதுபோல. என்னிடம் கேட்டார்: "ஒன் நாற்காலியா? கடை நாற்காலி இல்லியா?"

"இல்லம்மா. என் கைக்காசு. கடையில எனக்கு நாற்காலி போடல."

அவர் கைப்பிடியைத் தடவினார். பிறகு முதலாளியைப் பார்த்து, "எனக்குங்கூடத்தான் இந்தக் கடையில இதுவரைக்கும் ஒரு நாற்காலி போடல" என்றார். முழங்காலை ஊன்றி மெதுவாக எழுந்தார். "எனக்கு ஒண்ணு வாங்கிப் போடுங்க. இதைவிட ஒசரமா."

நான் உட்கார்ந்தேன். விலையைக் குறைத்துச் சொன்னேன். பில்லில் கையெழுத்துப் போட்டு டீச்சரம்மாவிடம் கொடுத்தேன். வளைவு சுழிவு மாறவில்லை. மாறியது என்று அந்த வாய்நீளக்காரி பின்னால் சொன்னாள். சொன்னால் சொல்லட்டும்.

மறுவாரமே முதலாளியம்மாவின் நாற்காலி வந்தது. ஒசரமானதுதான், சிவப்பு வெல்வெட் மெத்தை வைத்தது. ஜன்னல் பக்கம் போட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருப்பார். விலை கேட்டால், "அங்கன கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். எங்களுக்குள் பெரிய பாசம் வந்துவிட்டது என்று நினைக்காதே. கடைசி வரைக்கும் அவர் என்னை ஒரு கண்ணால்தான் பார்ப்பார். ஆனால் என் நாற்காலியில் மறுபடி உட்காரவில்லை.

ஆவணி முடிந்தது. முதலாளி கல்லாவுக்குக் கூப்பிட்டார். சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

"ஆவணி முடியட்டும்னு சொன்னேன்லா?"

"சொன்னிய மொதலாளி. சாவி இந்தா இருக்கு. நாற்காலி எறங்கணும்னா நானும் கூடத்தான் எறங்குவேன்."

அவர் சாவியை வாங்கவில்லை. மேலே பார்த்தார். "ஒன் நாற்காலிய எறக்கினா மேல அவ நாற்காலி மட்டும் நிக்கும். பொறவு அவ அங்கன உக்காந்து யாவாரம் பாப்பா. கடைய மூடிட்டு நான் உப்பளத்துக்குத்தான் போவணும். போம்மா, போயி வேலையப் பாரு."

"ஏம்மா" திரும்பி வந்துவிட்டது. அதைக் கேட்டதும் எனக்குத் துணிச்சல் இன்னும் ஏறியது.

"மேல ஏழு பொம்பளப் பிள்ளைக நிக்கி மொதலாளி."

"ஏளா, ரெண்டு நாற்காலி போட்டாச்சு. பெஞ்சு கிஞ்சுன்னு வந்து நின்ன, பாத்துக்க!"

பெஞ்சு கேட்டு நான் போகவில்லை. பட்டு வருகிற மரப்பெட்டிகள் குடோனில் கிடந்தன. நல்லதாகப் பார்த்து மாடிக்கு எடுத்து வந்து, ஆணியை அடித்து மடக்கி, மேலே பழைய போர்வையை மடித்துப் போட்டு, கவுண்டருக்குப் பின்னால் வரிசையாக வைத்தேன். "இது என்னது?" என்று முதலாளி கேட்டார். "சரக்குப் பெட்டி" என்றேன். வாடிக்கை இல்லாத நேரத்தில் பெண்கள் அதில் உட்கார்ந்தார்கள். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் முதலில் எல்லாம் எழுந்தார்கள். கொஞ்ச நாளில் எழுவதை விட்டுவிட்டார்கள். பார்த்தும் பார்க்காத மாதிரி அவர் திரும்பிப் போய்விடுவார். எல்லாருக்கும் முதலில் உட்கார்ந்தவள் அந்த வாய்நீளக்காரிதான். "அக்கா, பெட்டி ஒரு பக்கம் ஆடுது" என்று அதிலும் ஒரு குறை.

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த மாடியை நடத்தினேன். ஐந்து பிள்ளைகளையும் அந்த மேசையில் போட்ட கையெழுத்துத்தான் கரையேற்றியது. வேலையை விட்டு வருகிற அன்றைக்கு முதலாளியின் மகன், "அந்த நாற்காலி ஒங்க ஞாபகமா இங்கனயே இருக்கட்டும்" என்றான். "என் கைக்காசு தம்பி" என்று சொல்லி, வந்த மாதிரியே கைவண்டியில் ஏற்றி, பின்னாலேயே நடந்து வீட்டுக்கு வந்தேன்.

போன மாதம் உனக்குச் சேலை எடுக்கப் போனோமே, ஏசிக் கடை, லிஃப்ட் எல்லாம் வைத்த கடை. அங்கே நமக்குச் சேலை காட்டிய பிள்ளை ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தது. எனக்குப் போட்ட ஸ்டூலை அவள் பக்கம் தள்ளி, உட்காருளா என்றேன். கேமரா இருக்கிறது ஆச்சி என்று மேலே கண்ணைக் காட்டினாள். அவள் உட்காராமல் நான் ஒரு சேலையும் எடுக்க மாட்டேன் என்று சொன்னதும், டை கட்டிய தம்பி ஓடி வந்தான். நீ வெட்கப்பட்டு என் கையைக் கிள்ளினாய். கிள்ளினால் கிள்ளிக்கொள் என்று நானும் நின்றேன். கடைசியில் அவள் நுனியில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் உன் பச்சைச் சேலையை எடுத்தேன். அதையும் எழுது. கிள்ளியதையும் சேர்த்து எழுது.

சரி, போதும்ளா. கை வலிக்கும். முதலிலிருந்து வாசி பார்ப்போம், நான் சொன்ன மாதிரியே இருக்கிறதா என்று கேட்கிறேன். எதற்கு எழுந்திருக்கிறாய்? அந்த நாற்காலியிலேயே இரு. உட்கார்ந்து வாசி.